முதல் வழுக்கலுக்கு முன்: பழைய மோட்டார் சைக்கிளும் திருப்புளி முனையும்

முப்பது ஆண்டு ஓடிய யமஹா ஆர்எக்ஸ் 100 ஒன்றின் கிளட்ச் கவரைச் சுற்றியிருக்கும் ஸ்க்ரூக்களைப் பார்த்தால், அந்த வண்டி எப்படிப்பட்ட கைகளில் பட்டு வந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். சிலவற்றில் ஸ்டார் பள்ளம் கூட்டல் குறி வடிவத்தை இழந்து வட்டக் குழியாகத் தேய்ந்திருக்கும். சிலவற்றின் தலையோரத்தில் உளி வைத்து அடித்த வெட்டு இருக்கும். அந்த உளி தவறிப்போய் அலுமினியக் கவரிலும் ஒரு கீறல் போட்டிருக்கும். ஒன்றிரண்டு இடங்களில் ஸ்க்ரூவே இருக்காது, ஆயில் கசிந்த கறைதான் இருக்கும். இதற்குப் பட்டறைகளில் மூன்று காரணங்கள் சொல்வார்கள்: துரு, மட்டமான ஸ்க்ரூ, அவசரக் கை. மூன்றிலும் உண்மை உண்டு. ஆனால் மூன்றையும் கூட்டினாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. அதே வண்டியில், அதே துருவோடு, அதே கைகள் கழற்றிய அறுகோணத் தலை போல்ட்டுகள் மட்டும் ஏன் பெரும்பாலும் தலை சிதையாமல் இருக்கின்றன? சரியான அளவு ஸ்பேனர் போல்ட்டின் பக்கங்களைச் சுற்றிப் பிடிக்கிறது. திருப்புளி முனை பெரும்பாலும் பள்ளத்தின் ஒரு பகுதியைத்தான் தொடுகிறது. சேதத்தின் வேர் அங்கே இருக்கிறது. அப்படியானால் திருப்புளி முனையை, அதாவது பிட்டை, ஸ்க்ரூவுக்கு ஏற்றபடி தீட்டிக்கொள்வதுதான் நேரடியான தீர்வு. பழைய வண்டிகளில் இது ஏற்கெனவே பலர் செய்கிற வேலைதான். ஆனால் செய்கிற நேரம் தவறாக இருக்கிறது: ஸ்க்ரூ வழுக்கிய பிறகு, வேறு வழியில்லாதபோது செய்கிறார்கள். பிட்டைத் தீட்டுவது முதல் வழுக்கலுக்கு முன்பே பலன் தரும், பின்பு மிகக் குறைவாகவே தரும். அந்தப் பலனும் எல்லா வகை ஸ்க்ரூவுக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. காடி வெட்டிய தட்டைத் தலை ஸ்க்ரூவுக்கு அதிகம், ஸ்டார் ஸ்க்ரூவுக்கு ஓர் எல்லை வரைதான்.

ஸ்டார் ஸ்க்ரூவின் குணம் அதன் பிறப்பிலேயே இருக்கிறது. அமெரிக்காவின் போர்ட்லேண்டைச் சேர்ந்த ஜான் தாம்சன் உருவாக்கிய வடிவத்தை ஹென்றி பிலிப்ஸ் வாங்கி, மேம்படுத்தி, 1936இல் காப்புரிமை பெற்றார். அமெரிக்கன் ஸ்க்ரூ கம்பெனி தயாரிக்க, ஜெனரல் மோட்டார்ஸ் தன் கேடிலாக் கார்களில் முதலில் பயன்படுத்தியது. தொழிற்சாலை வரிசையில் நின்று ஒரு கையால் வேலை செய்பவருக்கு இது வரப்பிரசாதம்: முனை தானாகவே நடுவில் போய் உட்காரும், காற்றழுத்தத் திருப்புளி பக்கவாட்டில் நழுவாது. நடுவில் தானாக உட்கார வேண்டுமென்றால் முனை கூம்பாக இருக்க வேண்டும், பள்ளத்தின் சுவர்களும் சரிவாக இருக்க வேண்டும். சரிவான சுவரில் பக்கவாட்டாகத் தள்ளினால் தள்ளுவிசையின் ஒரு பகுதி முனையை மேல்நோக்கித் தூக்கும். உராய்வும் கையின் அழுத்தமும் அந்தத் தூக்கலை வெல்லும்வரை ஸ்க்ரூ சுழலும். வெல்லாத கணத்தில் முனை எகிறி வெளியே வரும், வரும்போது பள்ளத்தின் மேல்விளிம்பைச் சுரண்டிக்கொண்டு வரும். இந்த எகிறல் அளவுக்கு மீறி முறுக்காமல் இருப்பதற்காக வேண்டுமென்றே வைக்கப்பட்டது என்று பலரும் சொல்வார்கள். முதல் காப்புரிமைகளில் அப்படி ஒரு நோக்கம் சொல்லப்படவில்லை. 1949இல் வந்த திருத்திய வடிவத்தின் காப்புரிமையில்தான் அது ஒரு பண்பாகக் குறிப்பிடப்படுகிறது. எப்படியிருந்தாலும், புதிய ஸ்க்ரூவை முறுக்கும்போது உதவலாம் என்று கருதப்பட்ட பண்பு, முப்பது ஆண்டு இறுகிப்போன ஸ்க்ரூவைக் கழற்றும்போது பகையாகிறது.

ஜப்பானுக்கு இந்த ஸ்டார் ஸ்க்ரூ வந்ததைப் பற்றி அங்கே பரவலாகச் சொல்லப்படும் கதையில் சோய்ச்சிரோ ஹோண்டாதான் நாயகர். 1954இல் மான் தீவுப் பந்தயத்தைப் பார்க்க ஐரோப்பா போனவர், ஒரு தொழிற்சாலையில் கண்ட ஸ்டார் ஸ்க்ரூவைக் கையோடு கொண்டுவந்தார் என்பது கதை. அது எப்படி நடந்திருந்தாலும், 1960களிலும் எழுபதுகளிலும் உலகச் சந்தையை நிரப்பிய ஜப்பானிய மோட்டார் சைக்கிள்களின் இன்ஜின் கவர்களும், கார்புரேட்டரின் அடிக்கிண்ணங்களும், பிரேக் ஆயில் டப்பா மூடிகளும் ஸ்டார் ஸ்க்ரூக்களால்தான் மூடப்பட்டன. இந்தியாவுக்கு அந்த அலை கூட்டுத் தயாரிப்பாக வந்தது. 1984இல் ஓசூரிலிருந்து இன்ட்-சுசுகி ஏஎக்ஸ் 100, அடுத்த ஆண்டே எஸ்கார்ட்ஸ் வழியாக ஆர்எக்ஸ் 100, ஹீரோ ஹோண்டா சிடி 100, 1986இல் கவாசாகி பஜாஜ் கேபி 100. அதுவரை புல்லட்டையும் ஜாவாவையும் ராஜ்தூத்தையும் கழற்றிப் பழகிய பட்டறைகளுக்கு ஜப்பானிய வடிவமைப்பு ஒரே வீச்சில் வந்து சேர்ந்தது. அந்தப் பள்ளங்கள் ஜப்பானியத் தொழில் தரநிலையான ஜேஐஎஸ்ஸைப் பின்பற்றியவை. கடைகளில் கிடைத்த திருப்புளிகளோ பிலிப்ஸ் வடிவம். இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். பிலிப்ஸ் முனை கூர்மையாக நீளும், அதன் சிறகுகள் சந்திக்கும் மூலைகளில் வளைவு அதிகம். ஜேஐஎஸ் பள்ளத்தின் அடி அவ்வளவு ஆழம் போகாது, மூலைகளும் இறுக்கமானவை. ஆகவே பிலிப்ஸ் முனையின் நுனி அடியில் முட்டிவிடும். சிறகுகள் சுவரில் முழுதாகப் படியுமுன்பே இறங்குவது நின்றுவிடும். மேல்விளிம்பில் மட்டும் பிடிமானம், மேலே சொன்ன தூக்குவிசை அப்படியே, விளைவு தெரிந்ததுதான்.

இங்கே ஒரு பரவலான நம்பிக்கையைச் சரிபார்க்க வேண்டும். தலையில் ஒரு சிறு புள்ளி குழிக்கப்பட்டிருந்தால் அது ஜேஐஎஸ் பள்ளம், புள்ளி இல்லையென்றால் பிலிப்ஸ் என்று பழைய வண்டிப் பிரியர்கள் சொல்வதுண்டு. புள்ளியின் தொடக்கம் வேறு. 1960களில் ஜப்பான் தன் பழைய மெட்ரிக் மரையிலிருந்து அனைத்துலக மரைக்கு மாறியது. 3 மி.மீ. ஸ்க்ரூவின் மரை இடைவெளி 0.6இலிருந்து 0.5 ஆனது, 4 மி.மீ.யில் 0.75இலிருந்து 0.7, 5 மி.மீ.யில் 0.9இலிருந்து 0.8. பழையதும் புதியதும் பக்கத்துப் பக்கத்துப் பெட்டியில் கிடக்கும் தொழிற்சாலையில் அவற்றைப் பிரித்தறியத்தான் புதிய மரை ஸ்க்ரூவின் தலையில் புள்ளி இட்டார்கள். அதாவது புள்ளி மரையைப் பற்றியது, பள்ளத்தைப் பற்றியதல்ல. ஜப்பானிய ஸ்க்ரூ என்பதற்கு அது நல்ல தடயம்தான், அதனால் நடைமுறையில் பெரும்பாலும் சரியான திருப்புளிக்கே வழிகாட்டும். ஆனால் புள்ளியில்லாத தலையைக் கண்டதும் பிலிப்ஸ் என்று முடிவுகட்டினால், அறுபதுகளின் ஜப்பானிய வண்டியில் இரட்டைத் தவறு நடக்கும்: பள்ளமும் சிதையும், மாற்றாகப் போடும் புதிய 5 மி.மீ. ஸ்க்ரூ பழைய மரையையும் அழிக்கும்.

ஜேஐஎஸ்-பிலிப்ஸ் வேறுபாட்டை ஆர்வலர்கள் சில நேரம் பெரிதாக்கவும் செய்கிறார்கள். இரண்டும் ஒரே மூதாதையிலிருந்து வந்தவை. வேறுபாடு நுனியிலும் மூலைகளிலும் உள்ள சில பத்தில் ஒரு மில்லிமீட்டர்கள். அதைவிடப் பெரிய பொருத்தமின்மை ஒன்று தினமும் நடக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை. ஸ்டார் முனைகளுக்கு எண்கள் உண்டு. 3, 4, 5 மி.மீ. ஜப்பானிய ஸ்க்ரூக்களின் பள்ளம் 2ஆம் எண். இன்ஜின் கவரைப் பிடித்திருக்கும் 6 மி.மீ. ஸ்க்ரூக்களின் பள்ளம் 3ஆம் எண். பட்டறை மேசையில் கிடக்கும் ஒரே ஸ்டார் திருப்புளி பெரும்பாலும் 2ஆம் எண்தான். அது 3ஆம் எண் பள்ளத்தில் போய் உட்காரும், ஓரளவு திருப்பவும் செய்யும், அதனால்தான் ஆபத்து. நடுப்பகுதியில் மட்டும் ஒட்டிக்கொண்டு, அகலமான சிறகிடங்களை வெறுமனே விட்டுவிட்டு, எல்லாப் பளுவையும் சுழற்சி மையத்துக்கு மிக அருகில் உள்ள உலோகத்தின் மீது போடும். ஆகவே சாணைக்கல் பக்கம் போகுமுன் செய்ய வேண்டியவை இரண்டு. பள்ளத்தில் ஆயிலும் மண்ணும் பெயிண்ட்டும் சேர்ந்து இறுகியிருப்பதை ஊசியால் தோண்டி எடுக்க வேண்டும். வண்டியின் அடிப்பக்க ஸ்க்ரூக்களில் அந்த அழுக்கு மட்டுமே முனையை அரை மில்லிமீட்டர் உயரத்தில் நிறுத்திவிடும். பிறகு எண்ணைச் சரிபார்க்க வேண்டும். தவறான எண்ணைத் தீட்டி எடுத்தாலும் அது தவறான எண்ணாகவே இருக்கும்.

எண் சரி, பள்ளம் சுத்தம், ஆனாலும் முனை ஆடுகிறது என்றால் அங்கே தீட்டும் வேலை தொடங்குகிறது. எங்கே தீட்டுவது என்பதை ஊகிக்கத் தேவையில்லை. முனை முழுவதும் மார்க்கர் மை பூசி, பள்ளத்தில் அழுத்தி, இரு பக்கமும் சிறிது அசைத்து எடுத்தால் மை எங்கே உரிந்திருக்கிறதோ அங்கேதான் முனை தொடுகிறது. நுனியில் மட்டும் மை உரிந்து சிறகுப் பக்கங்களில் அப்படியே இருந்தால், நுனி முட்டி நிற்கிறது என்று பொருள். நுனியைத் தட்டையாக, பிட்டின் அச்சுக்கு நேர்குத்தாக, கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, ஒவ்வொரு முறையும் மை பூசிப் பார்க்க வேண்டும். சிறகுப் பக்கங்களில் மை உரியத் தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும். இந்த வெட்டு பிட்டின் வலிமையைக் குறைப்பதில்லை; நுனியில் இருந்த உலோகம் முறுக்குவிசையில் பெரிதாக எதையும் சுமக்கவில்லை. ஆனால் பேராசைப்பட்டு மேலும் வெட்டினால் பள்ளத்தின் அடிப்பகுதி வெறுமையாகி, சிறகுகளின் மேல்பாதி மட்டும் தொடும், தொடங்கிய இடத்துக்கே வந்துவிடுவோம். மை இன்னொரு கதையையும் சொல்லலாம்: சிறகுகள் சந்திக்கும் மூலை வளைவுகளில் உரிந்திருக்கலாம். அங்கே நுனியை வெட்டிப் பயனில்லை. வைர அரத்தால் நான்கு மூலைகளையும் ஒரே அளவில் கூர்மையாக்க வேண்டியிருக்கும். அது பிட்டின் நடுத்தண்டையே மெலிய வைக்கும், நான்கில் ஒன்று பிசகினாலும் பளு மூன்று சிறகுகளுக்குப் போய்விடும். கைத்திறன் உள்ளவர் செய்யலாம். என் மதிப்பீட்டில் செய்யத் தகாத வேலை. ஸ்டார் பிட்டைத் தீட்டுவதன் எல்லை இதுதான். 1960களில் பிரிட்டனில் ஜிகேஎன் நிறுவனம் வழியாகப் பரவிய போசிடிரிவ் வகை இன்னும் தெளிவான எல்லை. கூட்டல் குறியின் இடைவெளிகளில் நான்கு மெல்லிய கோடுகள் கொண்ட அந்தத் தலைக்கு உரிய பிட்டை வாங்குவது தவிர வழியில்லை. பிலிப்ஸை எப்படித் தீட்டினாலும் அந்த நேர்ச்சுவர்கள் அதற்கு வராது.

தீட்டுவது எஃகின் பதத்தைக் கெடுத்துவிடும் என்பது நியாயமான பயம். நல்ல பிட்டுகள் பல எஸ்2 என்ற அதிர்ச்சி தாங்கும் கருவி எஃகால் செய்து, கடினமாக்கி, குறைந்த சூட்டில் பதப்படுத்தியவை. வேகமாகச் சுழலும் கல்லில் அழுத்திப் பிடித்தால் மெல்லிய முனை சில நொடிகளில் சூடேறும். பளபளப்பான எஃகுப் பரப்பு சுமார் 230 பாகை செல்சியஸில் வைக்கோல் மஞ்சளாகும், 300ஐ நெருங்கும்போது நீலமாகும். நீலம் தெரிந்த இடத்தில் அத்தகைய பிட்டின் கடினம் இறங்கிவிட்டது. இனி அது ஸ்க்ரூவைத் திருப்புவதற்குப் பதில் தானே முறுக்கிக்கொள்ளும். கொல்லுப்பட்டறையில் உளிக்குத் துவைச்சல் போடுபவர்கள் இதே நிறங்களைத்தான் பார்த்து வேலை செய்கிறார்கள், ஆகவே இது புதிய அறிவு இல்லை. வெறுங்கையால் பிட்டைப் பிடித்து, கை சூடு பொறுக்காதபோதெல்லாம் தண்ணீரில் தோய்த்தால் மஞ்சளைக்கூடப் பார்க்க நேராது. கையுறை போட்டுத் தீட்டுபவர்தான் பதத்தை இழப்பார். தட்டை முனையின் பக்கங்களைத் தீட்டும்போது கோடுகள் பிட்டின் நீளவாக்கில் ஓடும்படி தீட்டுவதும் முக்கியம். குறுக்குவாட்டில் விழும் ஆழக் கோடு ஒவ்வொன்றும் முனை ஒடியத் தொடங்குவதற்கான இடம். இவ்வளவும் பார்த்துச் செய்தால், பயம் நியாயமானது, ஆனால் தீட்டாமலிருக்கப் போதுமான காரணம் அல்ல.

இனி காடி வெட்டிய ஸ்க்ரூக்கள். பட்டறை மொழியில் மைனஸ். பழைய பிரிட்டிஷ் வண்டிகளிலும் அவற்றின் வழிவந்தவற்றிலும், ஜாவா குடும்பத்து இன்ஜின் கவர்களிலும் இவற்றைப் பார்க்கலாம். ஸ்டாரை விடப் பழைய, மோசமான வடிவம் என்று இவற்றுக்குப் பெயர். அந்தக் கெட்ட பெயரில் பாதிக்குமேல் திருப்புளியைச் சேர வேண்டியது. காடியின் இரு சுவர்களும் நேர்குத்தாக, ஒன்றுக்கொன்று இணையாக வெட்டப்பட்டவை. முனையைத் தூக்கி எறியும் சரிவு அங்கே இல்லவே இல்லை. சரிவு வருவது சாதாரணத் தட்டைத் திருப்புளியிலிருந்து. அது ஆப்பு வடிவில் நுனி நோக்கி மெலிகிறது, ஆகவே காடியின் மேல்விளிம்புகளில் மட்டும் படுகிறது, முறுக்கும்போது தானே மேலே ஏறுகிறது. அளவுப் பொருத்தமின்மையும் சேர்ந்துகொள்ளும். மெட்ரிக் தரநிலைப்படி 6 மி.மீ. உருளைத்தலை ஸ்க்ரூவின் தலை விட்டம் 10 மி.மீ., காடியின் அகலம் 1.6 மி.மீ. அதில் ஒரு மில்லிமீட்டர் தடிப்பும் ஐந்தரை மில்லிமீட்டர் அகலமும் கொண்ட சாதாரண முனையை வைத்தால், அது சுமார் 6 பாகை வெறுமனே சுழன்ற பிறகுதான் சுவரைத் தொடும், அதுவும் எதிரெதிர் மூலைகள் இரண்டால் மட்டும். ஹோண்டா கையேடுகள் 6 மி.மீ. ஸ்க்ரூவுக்குப் பொதுவாகச் சொல்லும் முறுக்கு 9 நியூட்டன் மீட்டர். ஐந்தரை மில்லிமீட்டர் இடைவெளியில் அந்த முறுக்கைத் தர ஒவ்வொரு மூலையும் ஏறக்குறைய 1,640 நியூட்டன் தள்ள வேண்டும், அதாவது 167 கிலோ எடையின் பளு. முனை 10 மி.மீ. அகலமாக, காடியின் முழு நீளத்துக்கும் இருந்தால் அதே முறுக்குக்கு 900 நியூட்டன் போதும். துருவேறிய ஸ்க்ரூ முறுக்கியதைவிட அதிகமாகக் கேட்கும் என்பதை நினைத்தால், முதல் திருப்புளி காடியின் உதட்டை உருட்டிவிடுவதும் இரண்டாவது அதைக் கழற்றிவிடுவதும் தற்செயலல்ல.

ஆகவே தட்டை பிட்டில்தான் தீட்டுதலுக்குப் பெரிய இடம். வேண்டியது காடியைவிடத் தடித்த, தலையைவிட அகலமான ஒரு முனை. சுத்தியால் அடித்துத் திருப்பும் இம்பாக்ட் டிரைவருடன் வரும் பெரிய தட்டை பிட் பல நேரங்களில் போதும். முதலில் அகலத்தைத் தலையின் விட்டத்துக்குக் குறைக்க வேண்டும், அதைவிட ஒரு நூலிழை குறைவாகவே, ஏனென்றால் பல கவர்களில் ஸ்க்ரூத் தலை குழிக்குள் உட்கார்ந்திருக்கும், முனையின் மூலை குழிச் சுவரைச் சுரண்டும். பிறகு தடிப்பு. வட்டமான சாணைக்கல்லின் வளைவிலேயே பக்கங்களைத் தேய்த்தால் நுனிக்குச் சற்று மேலே இயல்பாகவே ஒரு குழிவு விழும்; கடைசி இரண்டு மூன்று மில்லிமீட்டரை மட்டும் தட்டைக் கல்லில் கையால் தேய்த்து, இரு பக்கமும் இணையாக, காடிக்குள் லேசான அழுத்தத்தோடு இறங்கும் தடிப்புக்குக் கொண்டுவர வேண்டும். துப்பாக்கி பழுதுபார்ப்பவர்களும் கடிகாரக்காரர்களும் நெடுங்காலமாகச் செய்வது இதுதான். ஒரு ஸ்க்ரூவின் காடியில் கீறல் விழுந்தாலே மானம் போனதாக நினைக்கும் தொழில்கள் அவை. இப்படிச் செய்த முனையைக் காடியில் வைத்துக் கையை எடுத்தால் அது நேராக நிற்கும். மோட்டார் சைக்கிள் பட்டறைகள் இந்தப் பழக்கத்தைக் கடன் வாங்காததற்கு ஒரே காரணம், மைனஸ் திருப்புளியை நெம்புகோலாகவும் உளியாகவும் பெயிண்ட் டப்பா திறப்பானாகவும் பயன்படுத்தியே பழகிவிட்டதுதான் என்று தோன்றுகிறது.

கார்புரேட்டர் ஜெட்டுகளிலும் இதே விதி, இன்னும் கடுமையாக. மிகுனி, கெய்ஹின் கார்புரேட்டர்களில் பைலட் ஜெட் ஆழமான குறுகிய துளைக்குள் இருக்கும், பித்தளையால் ஆனது, காடி மிகச் சிறியது. இங்கே முனையை மட்டுமல்ல, தண்டையும் பக்கவாட்டில் மெலிய வைத்தால்தான் துளையின் சுவரில் உரசாமல் நேராக இறங்கும். பித்தளை இரண்டாவது வாய்ப்பு தருவதில்லை. இன்ஜின் கவரில் டைமிங் பார்ப்பதற்கான அகலக் காடி மூடிகள் எதிர்ப்பக்கத்து உதாரணம். எந்தத் திருப்புளியும் அவற்றுக்குப் போதாது என்பதால் நாணயத்தையும் ஸ்பேனர் முனையையும் வைத்துத் திருகி, மென்மையான அலுமினியத்தைச் சிதைக்கிறார்கள். ஓர் எஃகுப் பட்டையை அந்தக் காடியின் வளைவுக்குத் தேய்த்து வைத்துக்கொண்டால் வேலை முடிந்தது. அதைத் தீட்டிய பிட் என்று சொல்வதா புதிய கருவி என்று சொல்வதா என்பது வீண் வழக்கு.

எதிர்வாதங்களில் முதலாவது உளியிடமிருந்து வருகிறது. தலையோரத்தில் உளி வைத்து இரண்டு அடி அடித்தால் ஸ்க்ரூ சுழன்றுவிடும், புது ஸ்க்ரூ விலை சில ரூபாய், இதற்கு ஏன் மைப்பூச்சும் அரமும்? வேலை நாளில் பத்து வண்டி பார்க்க வேண்டியவரின் கேள்வி இது, அலட்சியம் செய்யத் தக்கதல்ல. பள்ளம் ஏற்கெனவே அழிந்துவிட்ட ஸ்க்ரூவுக்கு உளிதான் சரியான கருவி என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அங்கே தீட்டிய பிட் பிடிக்க எதுவும் மிச்சமில்லை. ஆனால் கணக்கில் ஸ்க்ரூவின் விலையை மட்டும் வைப்பது தவறு. உளி தவறினால் அடி வாங்குவது கவர். அடியில் தலை தெறித்தால் மிஞ்சும் தண்டைத் துளையிட்டு எடுத்து, மரையைப் புதிதாகப் போட லேத் பட்டறைக்குத்தான் போக வேண்டும். தயாரிப்பு நின்றுபோன வண்டிகளின் அசல் கவர்களுக்கு இன்று விலை ஏறிக்கொண்டே போகிறது. தீட்டிய பிட் ஒருமுறை செய்தால் அதே வகை வண்டி அத்தனைக்கும் உதவும்; உளியின் வேலை ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்குகிறது.

இரண்டாவது வாதம் இன்னும் வலுவானது: ஜேஐஎஸ் திருப்புளியும் பிட்டும் இப்போது வாங்கவே கிடைக்கும்போது எதற்காகப் பிலிப்ஸைச் சிதைக்க வேண்டும்? ஸ்டார் ஸ்க்ரூவைப் பொறுத்தவரை இந்த வாதத்துக்கு நான் தலைவணங்குகிறேன். வெஸ்ஸல், ஹோசான் போன்ற ஜப்பானிய நிறுவனங்களின் முனைகள் பள்ளத்துக்காகவே செய்யப்பட்டவை. மூலை வளைவுகளும் சரி, நுனியும் சரி, சாணைக்கல்லால் எட்டமுடியாத ஒழுங்கு அவற்றில் இருக்கிறது. 2ஆம் எண்ணும் 3ஆம் எண்ணும் ஒவ்வொன்று வாங்கிவிட்டால் ஸ்டார் பிரச்சினை பெருமளவு தீர்ந்துவிடும். நுனி வெட்டிய பிலிப்ஸ் அவை கையில் இல்லாத இடத்துக்கான இரண்டாம் தேர்வு. ஆனால் இந்த வாதம் காடி ஸ்க்ரூக்களை எட்டாது. காடியின் அகலமும் தலையின் விட்டமும் நாட்டுக்கு நாடு, காலத்துக்குக் காலம் மாறுகின்றன. பிரிட்டிஷ் அங்குல மரையும் ஜாவாவின் செக் மெட்ரிக்கும் ஒரே பட்டறையில் நிற்கும்போது ஒவ்வொன்றுக்கும் அளவெடுத்த முனையை எந்தக் கடையும் விற்காது.

மூன்றாவது வாதம், ஸ்டாரையும் மைனஸையும் தூக்கிப் போட்டுவிட்டு ஆலன் ஸ்க்ரூக்களைப் போடுவது. பலர் துருப்பிடிக்காத எஃகு செட்டாகவே வாங்கிப் போடுகிறார்கள். இதில் முதல் சிக்கல் வரிசையில் இருக்கிறது: பழைய ஸ்க்ரூ சேதமில்லாமல் வெளியே வந்த பிறகுதான் ஆலன் உள்ளே போகும், அந்த வெளியேற்றம்தானே இங்கே கேள்வி. அடுத்தது, ஈரம் படும் இடத்தில் துருப்பிடிக்காத எஃகும் அலுமினியமும் சேர்ந்தால் அரிக்கப்படுவது அலுமினியம்தான். துத்தநாகம் பூசிய சாதாரண ஸ்க்ரூ அந்த வகையில் மென்மையானது. மரையில் கிரீஸ் தடவினால் இது குறையும், தடவுபவர் சிலரே. பிரேக் ஆயில் டப்பா மூடியில் இருப்பதுபோன்ற குழிந்து உட்காரும் சரிவுத்தலை ஸ்க்ரூக்களில் மாற்றியும் பெரிய லாபமில்லை: சரிவுத்தலை ஆலனுக்குத் தலைக்குள் இடம் குறைவு, அதனால் சாவி சிறியது, அதுவும் இறுகினால் உள்ளே வட்டமாகிவிடும்.

இம்பாக்ட் டிரைவரும் சூடும் போதுமே என்பவர்களோடு சண்டை இல்லை. அவை தீட்டிய பிட்டுக்கு எதிரிகள் அல்ல. சுத்தியடியைக் கீழ்நோக்கிய அழுத்தமாகவும் சிறு சுழற்சியாகவும் மாற்றும் அந்தக் கருவி, முனை எகிறும் அதே கணத்தில் அதைப் பள்ளத்துக்குள் அறைந்து வைக்கிறது. ஆனால் நுனி முட்டி நிற்கும் பிட்டை அதில் மாட்டினால் அடி முழுவதும் நுனியில் போய், சிறகுகள் பழையபடி விளிம்பில்தான் தொங்கும். சூட்டின் பங்கைப் பற்றியும் மிகை மதிப்பு உண்டு. அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிவடையும் என்பது உண்மை, 6 மி.மீ. துளையில் நூறு பாகை சூட்டுக்குக் கிடைக்கும் கூடுதல் இடைவெளி 0.007 மி.மீ. அளவுதான். துருப் பிணைப்பை உடைக்க அது உதவும், தளர்த்திவிடாது. கார்புரேட்டருக்கும் பெட்ரோல் குழாய்க்கும் அருகே அந்த உதவிக்காகத் தீச்சுடரை எடுப்பது மதியீனம்.

கடைசியாக, பொருத்தமான முனைக்கு எதிராகவே ஒரு வாதம் இருக்கிறது, 1949ஆம் ஆண்டுக் காப்புரிமையோடு தொடர்புள்ளது. முனை எகிறுவது ஓர் எச்சரிக்கை மணி என்றால், எகிறாத முனையைச் செய்து கையில் கொடுப்பது அலுமினிய மரையை உருவுவதற்கு வழி செய்வதாகாதா? கழற்றும்போது இந்தக் கேள்வி எழவில்லை, திரும்ப முறுக்கும்போது எழுகிறது, எழுவதும் சரி. காடிக்குள் ஆடாமல் உட்காரும் பத்து மில்லிமீட்டர் முனையை நீளக் கைப்பிடியில் மாட்டினால், 6 மி.மீ. ஸ்க்ரூ கேட்கும் 9 நியூட்டன் மீட்டரைத் தாண்டுவது கைக்குத் தெரியவே தெரியாது, 5 மி.மீ. ஸ்க்ரூவுக்கு 4 நியூட்டன் மீட்டர்தான், அதைத் தாண்ட மணிக்கட்டின் ஓர் அசைவு போதும். அதனால் தீட்டிய பிட்டைச் சிறிய டார்க் ரென்ச்சில் மாட்டி முறுக்க வேண்டும். அது இல்லாத இடத்தில் உள்ளங்கைக்குள் அடங்கும் குட்டைக் கைப்பிடியில் மாட்டி, கவரின் ஸ்க்ரூக்களை எதிரெதிராக, இரண்டு சுற்றில் முறுக்க வேண்டும். இம்பாக்ட் டிரைவரைத் திருப்பி வைத்து முறுக்கும் பழக்கம் சில பட்டறைகளில் இருக்கிறது. அடுத்த முறை அந்த வண்டியைத் திறப்பவருக்கு உளி தேவைப்படுவது பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.